மாமனாரின் வால்நட் கட்டை

துப்பாக்கியின் குழல் மாற்றுக் கட்டைக்குள் சரியாக உட்காரவில்லை.

பெரிய ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காகிதத்தை மடித்துச் செருகினால் நின்றுவிடும். ஆனால் வெண்டலுக்கு அப்படி விட்டுவிட மனம் வராது. ஸ்டோன் கூலி என்ற ஊரின் தானியக் கிடங்கில் லாரி லாரியாக வரும் கோதுமையில் ஒரு கை அள்ளி, ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவனுக்கு நாள் போகாது.

அதைவிடப் பெரிய சங்கடம், அந்தத் துப்பாக்கி அவனுடையது அல்ல. மாமனார் ஹால்வருடையது.

ஹால்வர் அதை அவனிடம் கொடுத்தது வேறு வேலைக்கு. குறிபார்க்கும் பழைய ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டித் தரச் சொன்னார். அவ்வளவுதான்.

"கண்ணு போயிடுச்சு மாப்ளே," என்றார் கொடுக்கும்போது. "முன்னெல்லாம் நான் வேலியோரம் வந்து உக்காந்தாலே ஒரு அணிலும் தலையைத் தூக்காது. இப்ப எதிர்ல நின்னு என்னைப் பாத்து விசிலடிக்குது."

மே மாதம் பிறந்ததும் அவருடைய குதிரைமசால் தீவன வயல் முழுக்கத் தரை அணில்கள் கிளம்பிவிடும். பச்சையைத் தின்பதோடு நிற்காது. எங்கே பார்த்தாலும் வளை. போன கோடையில் ஒரு பசு வளைக்குள் காலை விட்டு முறித்துக்கொண்டது.

"இந்த ஸ்கோப் மாட்டியும் சுட வரலேன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு, டவுன்ல ஒரு அபார்ட்மென்ட் பாத்துப் போயிடறேன். வயலைக் காப்பாத்த முடியாதவனுக்கு வயல் எதுக்கு?"

அவர் சொன்னால் செய்கிற ஆள். டவுன் என்றதும் மாமியார் லவானின் முகம் விழுந்துவிட்டது. வெண்டலின் மனைவி டானா அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள். கார் ஏறியபிறகு, "ஒழுங்கா மாட்டிக் குடு. வேற எதையும் நோண்டாதே," என்று மட்டும் சொன்னாள்.

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் ஸ்கோப்பை மாட்டித் திருப்பிக் கொடுத்திருப்பான். வெண்டலின் கொட்டகையிலோ இரண்டு துப்பாக்கிக் கட்டைகள் வேலையற்றுக் கிடந்தன. ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக். மற்றது மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த லேமினேட் கட்டை, பிடியில் கட்டைவிரல் நுழைய ஓட்டை வைத்தது. இரண்டுமே ஹால்வரின் துப்பாக்கி மாடலுக்குப் பொருந்துபவை. அந்த ஓட்டையைப் பற்றி மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடக்காத சண்டை இல்லை.

"கட்டையில எதுக்கு ஓட்டை? காப்பிக் கப் மாட்டவா?"

"கட்டைவிரல் நுழைக்க மாமா. கை தானா நேரா வந்து உக்காரும்."

"என் கட்டைவிரல் இதுவரைக்கும் வழி தவறிப் போனதில்ல."

"அணில் சுடறது மான் வேட்டை மாதிரி இல்லீங்க மாமா. ஒரே இடத்துல உக்காந்து நாள் பூரா சுடணும். குழல் கனமா இருக்கணும், கட்டையோட முன்பக்கம் அகலமா, தட்டையா இருக்கணும். உங்க வால்நட் மரக் கட்டை அடியில உருண்டையா இருக்கு. மணல்மூட்டை மேல வச்சா உருளுது."

"உருளுறது கட்டை இல்ல மாப்ளே, சுடறவன்."

இதற்கெல்லாம் பதில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? ஒரே குழல், தோட்டாவை உள்ளே தள்ளும் ஒரே போல்ட், ஒரே பெட்டித் தோட்டா, சுடுகிறவனும் ஒருவனே. கட்டையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? வித்தியாசம் மரத்தில் இருக்கிறதா, அல்லது சுடுகிறவன் மனசில்தான் இருக்கிறதா? இந்தக் கேள்வி தோன்றிய பிறகு வெண்டலால் சும்மா இருக்க முடியவில்லை.

டானா வேலைக்குப் போனதும் கொட்டகைக்குப் பின்னால் மேசை போட்டு, காகிதக் குறி நட்டுச் சுட்டுப் பார்த்தான்.

முதலில் வால்நட். கையில் எடுக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காகிதத்தில் தோட்டாக்கள் ஒரு சாசர் அகலத்துக்குப் பரவி விழுந்தன. கட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக்கை மாட்டினான். தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது. சாய்ந்து பிடித்தால் முன்பக்கம் வளைந்து குழலைத் தொட்டது. தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் ஊர்வலம் போயின. கடைசியாக லேமினேட். மணல்மூட்டை மேல் வைத்ததும் படுத்த எருது போல அசையாமல் கிடந்தது. ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டுப் பிடித்தால் யாரோ அன்பாகக் கைகுலுக்குவது போல் இருந்தது.

குறை ஒன்றே ஒன்று. உள்ளே அந்தக் காகித அளவு ஆட்டம்.

ஆடுகிற கட்டையை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் அது நியாயமான சோதனையா? வெண்டல் எபாக்சிப் பசையை எடுத்தான்.

முறை தெரியாதவன் அல்ல. கட்டையின் பள்ளத்தில் பசையை ஊற்றி, இரும்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் மெழுகு தடவி, உள்ளே வைத்து இறுக்க வேண்டும். பசை காய்ந்ததும் கழற்றினால் பள்ளம் அச்சு எடுத்தது போல் இருக்கும். வெண்டல் குழலுக்கு மெழுகு தடவினான். போல்ட் உட்காரும் பெட்டிக்குத் தடவினான். திருகுகள் நுழையும் துளைகளுக்குள்ளும், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துண்டுக்கும் தடவ மறந்துவிட்டான்.

மறுநாள் அது அசையவில்லை. இழுத்தான். ரப்பர் சுத்தியலால் தட்டினான். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மாமனாரின் குழலும் அந்த ஓட்டைக் கட்டையும் பிரிக்க முடியாத தம்பதி ஆகிவிட்டன.

மாமனாருக்கும் மாமியாருக்கும் சனிக்கிழமை கல்யாண நாள். விருந்து வெண்டல் வீட்டில். வரும்போது துப்பாக்கியை எடுத்துக்கொள்வதாக ஹால்வர் சொல்லியிருந்தார்.

இணையத்தில் தாடி வைத்த ஒருவர் வழி சொன்னார். ஃப்ரீசரில் வை. குளிரில் இரும்பு மரத்தைவிட அதிகம் சுருங்கும். வெளியே எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் பிரிந்துவிடும்.

கீழ் அறையில் நீளமான ஃப்ரீசர் இருந்தது. அது நிறைய எல்க் மான் இறைச்சி, விருந்துக்காக டானா எடுத்து வைத்தது. வெண்டல் பொட்டலங்களை எல்லாம் எடுத்து வாஷிங் மெஷின் மேல் அடுக்கினான். துப்பாக்கியைக் குறுக்காகப் படுக்க வைத்து மூடினான். சற்று நேரத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் கிடங்கிலிருந்து போன் வந்தது. அந்த வழியாக வந்த லாரியில் ஏறிப் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது டானா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"வெண்டல், எங்கப்பா துப்பாக்கி எதுக்கு ஃப்ரீசர்ல படுத்திருக்கு?"

"அது வந்து... இரும்பு சுருங்கறதுக்கு."

"சரி. துணி துவைக்கிற மெஷின்ல எதுக்கு ரத்தம் வழியுது?"

வெண்டல் ஒரு துண்டை எடுத்து மெஷினைத் துடைக்கப் போனான்.

"துப்பாக்கியோட வேற கட்டை எதுக்கு இருக்கு? அதுல எதுக்கு ஓட்டை இருக்கு?"

"ஒரு சின்ன சோதனை..."

"நோண்டாதேன்னு சொன்னேன்ல? ஸ்கோப் மாட்டச் சொன்னா ஆபரேஷன் பண்ணி வச்சிருக்கே! அப்பா இதை நம்பித்தான் நிலத்தையே பிடிச்சிட்டிருக்கார். அம்மா போன்ல அழறா." அவள் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டாள். "முதல்ல இறைச்சியைக் கொண்டுபோய்ச் சர்ச் ஃப்ரீசர்ல வை. இன்னும் முழுசா இளகல. ஓடு!"

ஓடினான். பொட்டலங்களைப் பிக்கப் வண்டியின் பின்னால் வீசினான். ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்தான். சக்கரத்துக்கு அடியில் 'மடக்' என்று ஒரு சத்தம். மான் எலும்பு ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தான். மறுபடி 'மடக்'.

இறங்கிப் பார்த்தான்.

கொட்டகை மேசையில் பசை சிந்தியிருந்ததால், ஒரு சொட்டுகூடப் பட்டுவிடக்கூடாது என்று வால்நட் கட்டையைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்து, வண்டியின் பின்சக்கரத்தில் சாய்த்து வைத்தவன் அவன்தான். இப்போது அது பிடியருகில் இரண்டாக ஒடிந்து, முன்பகுதி விறகுச் சிராய் ஆகிக் கிடந்தது.

டானா வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குனிந்து உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஒட்டிடலாம் டானா. நல்ல பசை..."

"பசைன்னு இன்னொரு தடவை சொன்னே, உன் வாயில ஊத்திடுவேன்."

இறைச்சியைச் சர்ச்சில் விட்டுவிட்டு வந்து, ஃப்ரீசரிலிருந்து துப்பாக்கியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். தாடிக்காரர் பொய் சொல்லவில்லை. இரும்பு துள்ளிக்கொண்டு தனியாக வந்தது. கையில் பனி படிந்த குழலைப் பிடித்துக்கொண்டு வெண்டல் ஒரு கணம் சந்தோஷப்பட்டான். மாட்டுவதற்குக் கட்டை இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"லேமினேட்டையே மாட்டி, கல்யாண நாள் பரிசுன்னு சொல்லிட்டா?"

"அந்த ஓட்டையைப் பாத்தா அன்னிக்கே மூட்டை கட்டிடுவார். டெல்பர்ட் கடைக்குப் போ. இல்லேன்னா வீட்டுக்கு வராதே."

டெல்பர்ட்டின் பழைய சாமான் கடை, மூடிப்போன பெட்ரோல் பங்க் ஒன்றில் இருந்தது. ஊரில் யார் வீட்டிலிருந்து எது காணாமல் போனாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். டெல்பர்ட் ஒரு பல் மருத்துவர் நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தார். அதுவும் விற்பனைக்குத்தான்.

"வால்நட் கட்டை வேணும். கனமான குழல் மாட்டற மாதிரி," என்று சொல்லி மாடலையும் சொன்னான் வெண்டல்.

"உடைஞ்சதா, உடையாததா?"

"உடையாதது."

"ஓ, பெரிய எடத்து ஆளு." டெல்பர்ட் எழுந்து, ஊன்றுகோல்களும் பனிச்சறுக்குக் கம்புகளும் ஒரு படகுத் துடுப்பும் நின்ற பீப்பாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். நீளமாக ஒன்றை உருவி, முழங்கையால் தூசி தட்டினார். "இந்தா. நான் இதைத் துடுப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அதே மாடல். அதே வால்நட். ஜன்னல் வெயிலில் கிடந்து ஒரு பக்கம் வெளுத்திருந்தது.

"இது எங்கேருந்து வந்தது?"

"நான் யாரையும் கேக்கறதில்ல. கேட்டா உக்காந்து கதை சொல்ல ஆரம்பிச்சுடறாங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து வெண்டல் விரலால் தடவிப் பார்த்தான். சுடும்போது கன்னம் வைக்கும் மேடு இதில் உயரம் குறைவாக இருந்தது. எவனோ ஒரு புண்ணியவான் அரம் போட்டு இழைத்திருக்கிறான். மாமனார் கன்னத்தை வைத்த நொடியே கண்டுபிடித்துவிடுவாரே! மேட்டை உயர்த்தலாம். அதற்குப் பசை வேண்டும். பசையைப் பற்றி வீட்டில் பேச முடியாது.

சரி, குழலாவது உட்காருமா என்று பள்ளத்துக்குள் இறக்கினான். இழுப்பறை மூடுவது போல் மெல்லிய ஒரு சத்தம். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. காகிதத்தைச் செருகப் பார்த்தான். எந்தப் பக்கமும் நுழையவில்லை. கழற்றிப் பள்ளத்தை விளக்கு வைத்துப் பார்த்தான். முன்பே யாரோ பசை ஊற்றி அச்சு எடுத்திருந்தார்கள். எவருடைய துப்பாக்கிக்கோ எடுத்த அச்சு இதற்கு எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்? ஒரே மாடலாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்குமே!

"டானா, இது ரொம்ப விசித்திரமா இருக்கு. ஒரே ஒரு தடவை சுட்டுப் பாத்துட்டு..."

டானா தோட்டாப் பெட்டியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

வேறு வழியில்லாமல் ஸ்கோப்பை மாட்டி, சுடாமலே குழல் வழியே கண் வைத்துக் குறியைச் சரிசெய்தான். வெளுத்த பக்கத்துக்குப் பழுப்பு ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்தான். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பழைய கட்டை மாதிரியே இருந்தது. ஹால்வர் பத்தடி தள்ளி நின்று சுடுகிறவர் அல்ல என்பதுதான் பிரச்சினை.

சனிக்கிழமை மதியம் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். அடுப்பில் எல்க் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. லவான் ருபார்ப் பை என்னும் இனிப்பைச் சுட்டு எடுத்து வந்திருந்தார். தன் கல்யாண நாளுக்குத் தானே பலகாரம் செய்யும் பெண்மணி அவர்.

"சாப்பாடு அப்புறம்," என்றார் ஹால்வர். "துப்பாக்கியைக் குடு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடணும்."

கையில் வாங்கிக் கட்டையை ஒரு முறை தடவினார். வெண்டல் பாலிஷ் போட்ட பக்கத்தையே பார்த்தான். ஹால்வர் பின்பக்க மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து நடந்தார். அங்கேயும் அணில்களுக்குக் குறைவில்லை. மேசையில் மணல்மூட்டையைத் தட்டிச் சரிசெய்து, தன் சட்டைப்பையிலிருந்த தோட்டாக்களைப் போட்டு உட்கார்ந்தார். வெண்டல் பின்னால் நின்றான். டானா சமையலறை ஜன்னலில் நின்றாள்.

ஹால்வர் கன்னத்தைக் கட்டையில் வைத்தார். தலையைத் தூக்கினார். கட்டையைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

'போச்சு' என்று நினைத்தான் வெண்டல்.

வெடித்தது. தூரத்து மண்மேட்டில் நிமிர்ந்து நின்ற அணில் இல்லை. போல்ட்டை இழுத்துத் தள்ளினார். அதற்கும் அப்பால் வேலிக்கால் அருகே ஒன்று. வெடித்தது. அதுவும் இல்லை. காற்று குறுக்கே அடித்தது. கொஞ்சம் காத்திருந்து, ஓடையோரம் நின்ற ஒன்றைச் சுட்டார். வெண்டல் பைனாகுலரில் பார்த்துவிட்டு, நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

ஹால்வர் மெதுவாகத் திரும்பினார். வலது கன்னம் முழுக்கப் பழுப்புப் பாலிஷ்.

"மாப்ளே, என்ன பண்ணினே இதை?"

"ஸ்கோப்... புது ஸ்கோப் மாமா."

"ஸ்கோப் இல்ல. கன்னம் தானாப் போய் உக்காருது. கன்னத்தை அமுக்கி அமுக்கி, கண்ணை இடுக்கி இடுக்கி, எத்தனை வருஷம்! கண்ணு அவ்வளவுதான்னு இருந்தேன். சர்ச்ல பைபிள் வாசிக்கறதைக்கூட விட்டுட்டேனே!" அவர் குரல் தழுதழுத்தது. அதை மறைக்க உரக்கச் சிரித்தார். "பாத்தியா, வால்நட்! உன் ஓட்டைக் கட்டை செய்யுமா இதை? டானா! அந்த அபார்ட்மென்ட்காரனுக்குப் போன் போட்டு வேற ஆளைப் பாக்கச் சொல்லு!"

வீட்டை நோக்கி இளவட்டம் மாதிரி நடந்தார். டானா வாசலில் அவரைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டையிலும் பாலிஷ் ஒட்டியது. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வெண்டல் மேசையருகிலேயே நின்றான். நிம்மதியாகத்தான் இருந்தது. கூடவே அவனுடைய கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. வித்தியாசம் மரத்தில் இல்லை, மனசில்தான்! பெட்ரோல் பங்க்கில் துடுப்போடு துடுப்பாகக் கிடந்த எவனோ ஒருவனின் கட்டை. தன்னுடையது என்று நம்பினார், குறி தப்பவில்லை. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை ஒருவரிடமும் சொல்ல முடியாதே!

லவான் ஒரு தட்டில் ருபார்ப் பைத் துண்டோடு அவனருகில் வந்தார்.

"சாப்பிடு. முகம் ஏன் இப்படி இருக்கு? அவர்தான் குழந்தை மாதிரி குதிக்கறாரே."

இதற்குமேல் வெண்டலால் அடக்க முடியவில்லை.

"அத்தை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்தக் கட்டை மாமாவோடது இல்ல. அவரோடதை நான் வண்டி ஏத்தி ஒடிச்சுட்டேன். இது டெல்பர்ட் கடையில வாங்கினது."

லவான் திரும்பி வீட்டைப் பார்த்தார். ஹால்வரின் சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெல்லப் பேசு கண்ணு... பல வருஷம் முன்னாடி, தன் கன்னத்துக்குன்னு இழைச்ச கட்டையை எண்ணெய் போடறதுக்காக அவர் கழட்டித் தொங்கவிட்டிருந்தார். அதை நான் ஏதோ பழைய மரம்னு சர்ச் விற்பனையில போட்டுட்டு, பயந்து போய் அதே மாதிரி வேற ஒண்ணு வாங்கி மாட்டி வச்சேன். நீ ஒடிச்சது நான் வாங்கினதை, நீ வாங்கினதுதான் அவரோடது."